வால்வை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

அன்புள்ள ஐயா,

என் மனைவிக்குச் சென்ற ஆண்டு இதயத்தில் பெருந்தமனி வால்வை மாற்றினார்கள். ஒற்றைத் தட்டு வால்வு. "பெரிய திறப்பு பின்பக்கம் வருகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறோம்" என்றார் டாக்டர். வட்டமான வால்வை எப்படி வைத்தால் என்ன?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

பாலக்கோட்டுக்காரருக்குக் கிணற்று மோட்டார் தெரியாமல் இருக்காது. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் 'நான்-ரிட்டர்ன்' வால்வைக் குழாயின் வளைவை ஒட்டிப் போட்டால் தட்டு படபடவென்று அடிக்கும். நேர்க்குழாயில் நிதானமாக வரும் தண்ணீர், வளைவு தாண்டியதும் ஒரு சுவரை அணைத்துக்கொண்டு பாய்வதுதான் காரணம்.

இதயத்தில் நேர்க்குழாயே கிடையாது. ரத்தம் சாய்வாக வால்வுக்கு வந்து, தாண்டியதும் பெருந்தமனியின் வளைவில் ஏறுகிறது. ஒற்றைத் தட்டோ முழுதாகத் திறந்தாலும் சாய்ந்தே நிற்கும். ஒரு பக்கம் பெரிய வழி, மறுபக்கம் சின்னது. பெரிய வழி வலது பின்சுவரைப் பார்த்திருந்தால் ஓட்டத்தில் கலக்கம் குறைவு. மாற்றி வைத்தால் பாய்ச்சல் தட்டில் மோதிச் சுழலும், அழுத்தம் வீணாகும், தட்டின் பின்னால் ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். பன்றிகளுக்கு வால்வைப் பொருத்தி, சுற்றிச் சுற்றித் திருப்பி இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

இதற்காகவே, தையல் போடும் துணி வளையத்துக்குள், தட்டைத் தாங்கும் சட்டம் சுழலும்படி செய்கிறார்கள். தைத்து முடித்த பிறகும் திருப்பலாம். ஆனால் திசையைவிட முக்கியம், தட்டு பக்கத்துச் சதையில் இடிக்காமல் திறந்து மூடுவது. அது இடித்தால் எவ்வளவு நல்ல திசையும் வீண்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வும் ஒற்றைத் தட்டுதான். 1977-இல் புழக்கத்துக்கு வந்த, கதவு போல இரண்டு இதழாகத் திறக்கும் வகைக்குத் திசைத் தொல்லை குறைவு. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சரி, அப்புறம் மாத்திரை. எவ்வளவு சரியாகத் திருப்பி வைத்தாலும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நம் ஊரில் யாராவது ஒருவர் "கீரையைத் தொடாதே" என்று கிளம்புவார். களிக்குக் கீரைக் கடைசல் இல்லாமல் உங்கள் மனைவி இருப்பாரா? கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால், ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் விடுவதுதான் ஆபத்து. அளவு மாறாமல் சாப்பிடட்டும், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை தவறாமல் நடக்கட்டும். அடுத்த எக்கோவுக்கு (இதய ஸ்கேனுக்கு) போகும்போது, அறுவை முடிந்து எடுத்த முதல் எக்கோ ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். வால்வின் இரு பக்கத்து அழுத்த வித்தியாசம் கூடியிருக்கிறதா என்று ஒப்பிட அதுதான் வேண்டும்.