தத்துப்பூச்சியின் மயிரிழைக் கொம்பு: கேள்வி பதில்

கேள்வி (பூச்சியியல் முதுகலை மாணவி): அக்கா, பருத்தித் தத்துப்பூச்சியை லென்ஸில் பார்த்தால் கண்ணுக்கு முன்னால் ஒரு மயிரிழைதான் தெரிகிறது. உணர்கொம்பு அவ்வளவுதானா?

மயிரிழை என்று நீங்கள் பார்த்தது சாட்டைப் பகுதியை, அதாவது ஃபிளஜெல்லத்தை. அதற்குக் கீழே குட்டையாக இரண்டு கணுக்கள் இருக்கின்றன: அடியில் ஸ்கேப், அதன்மேல் பெடிசெல். பூச்சியே 3 மில்லிமீட்டர்தானே, கை லென்ஸுக்கு அவை எளிதில் சிக்காது. சாட்டைக்குள் தசையே கிடையாது. ஸ்கேப்பில் இருக்கிற தசை பெடிசெல்லை அசைக்கும், சாட்டை கூடவே ஆடும்.

கேள்வி (நெல் விவசாயி): நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையானையும் பச்சைத் தத்துப்பூச்சியையும் கொம்பை வைத்துப் பிரிக்க முடியுமாம்மா?

முடியும் ஐயா. புகையானுக்குக் கொம்பு கண்ணுக்குக் கீழே இருக்கும். பெடிசெல் தடித்து, அதன்மேல் வாசனை அறியும் தட்டு உறுப்புகள் புடைத்திருக்கும். தத்துப்பூச்சிக்கு அந்தத் தட்டுகள் இல்லை, கொம்பும் இரு கண்களுக்கு நடுவே முன்பக்கம் இருக்கும். ஆனால் வயலில் நின்று இதையெல்லாம் தேட வேண்டாம். பின்னங்காலைப் பாருங்கள். வரிசையாக முட்கள் இருந்தால் தத்துப்பூச்சி, முழங்காலுக்குக் கீழ்த் துண்டின் முனையில் அசையும் பெரிய முள் ஒன்று இருந்தால் புகையான் வகை.

கேள்வி (ஆய்வு மாணவர்): மேடம், ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படத்தில் கொம்பு முழுக்கக் குட்டிக் கால்பந்துகள் கொட்டிக் கிடக்கின்றன. பூஞ்சை வித்தா? மாதிரி கெட்டுவிட்டதா?

கெடவில்லை! நானும் முதல் தடவை தூசி என்று நினைத்து மாதிரியைத் தூக்கிப் போட்டவள்தான். அவை புரோகோசோம்கள், தத்துப்பூச்சி தானே தயாரிக்கும் துகள்கள். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, மேற்பரப்பு தேன்கூடு மாதிரி குழி குழியாக இருக்கும். பூச்சியின் கழிவு நீக்க உறுப்புகளான மால்பிஜியன் குழல்களில் உருவாகிப் பின்வழியாகத் திரவமாக வெளிவரும். தோலுரித்த பிறகு பூச்சி அதைக் காலால் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். தண்ணீரும், அது கழிக்கும் இனிப்பான பிசுபிசுப்புத் திரவமான தேன்கழிவும் ஒட்டாமல் இருக்க அந்தப் பூச்சு உதவுகிறது.

உங்களுக்கு இதில் என்ன சிக்கல் என்றால், உணர் மயிர்களில் நீங்கள் தேடுகிற நுண்துளைகளை அந்தப் பூச்சு மூடிவிடும். ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசானிக் தொட்டியில் ஆல்கஹாலோடு கொஞ்ச நேரம் வையுங்கள். அதிகமானால் மயிர்கள் முறியும். அதைவிட எனக்குப் பிடித்த வழி, தோலுரித்த உடனே, பூசிக்கொள்ளும் முன்பே பூச்சியைப் பிடிப்பது. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி (அதே மாணவர்): சரி மேடம், சுத்தம் செய்தாயிற்று. எது தொடுவதை உணரும் மயிர், எது மணத்தை உணரும் மயிர் என்று எப்படிச் சொல்வது?

வடிவத்தை வைத்து மட்டும் சொல்லாதீர்கள். நீளமாக இருந்தால் இது, குட்டையாக இருந்தால் அது என்று பெயர் ஒட்டிவிட்டு வேலையையும் தீர்மானித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. துளையைத் தேடுங்கள். தொடு உணர் மயிருக்குத் துளை இருக்காது, அடியில் வளைந்து கொடுக்கும் குழிமூட்டு இருக்கும். சுவைக்கு நுனியில் ஒரே துளை. மணத்துக்குச் சுவரெங்கும் துளைகள், ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர்தான். அதனால்தான் படம் எடுக்கும் முன் மாதிரிக்குப் போடும் தங்கப் பூச்சை மெல்லியதாகப் போடச் சொல்கிறேன், தடித்தால் துளையே அடைந்துபோகும்.

சாட்டையின் அடிப்பகுதியில் குழிக்குள் குட்டி முளைகள் தெரிந்தால் அங்கே நிதானியுங்கள். துளையில்லாத குழிமுளை பெரும்பாலும் வெப்பமும் ஈரமும் அறிவது. உள்ளே பொதுவாக மூன்று நரம்பணுக்கள் இருக்கும்: குளிருக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று. ஆனால் பல பூச்சிகளில் இரட்டைச் சுவர் கொண்ட குழிமுளைகள் மணத்தை அறிகின்றன. வெளிப்படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளமைப்பைக் காட்டும் டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் குறுக்குவெட்டு பார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஜான்ஸ்டன் உறுப்பு என் படத்தில் எங்கே?

வெளியே தேடினால் கிடைக்காது. பெடிசெல்லுக்கு உள்ளே இருக்கிறது. சாட்டை ஆடுவதை உணர்கிற நரம்புக் கூட்டம் அது. 1855-இல் கிறிஸ்டோபர் ஜான்ஸ்டன் கொசுவில் விவரித்ததால் அந்தப் பெயர்.

கேள்வி (பருத்தி விவசாயி): காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோம். கொம்பில் மண உணர்வு இருக்கிறது என்றால் தத்துப்பூச்சிக்கும் அப்படி வைக்கலாமே?

நல்ல கேள்வி ஐயா. ஆனால் தத்துப்பூச்சி துணையைத் தேடுவது மணத்தால் இல்லை. தண்டையும் இலையையும் அதிர வைத்து ஒன்றையொன்று கூப்பிடுகிறது, அந்த அதிர்வை முக்கியமாகக் கால்களால் அறிகிறது. செடி மணத்தை அறியக் கொம்பு உதவும், ஜோடி சேர அல்ல. இத்தாலியில் திராட்சைத் தோட்டக் கம்பிகள் வழியாக இடையூறு அதிர்வை அனுப்பி, ஸ்கேஃபாய்டியஸ் டைட்டானஸ் என்ற தத்துப்பூச்சி இணைசேர்வதைக் குலைத்துப் பார்த்திருக்கிறார்கள். நம் பருத்திக்குக் கம்பி ஏது?

அவரே: அப்போ பசை தடவிய மஞ்சள் அட்டை?

அது கண்ணுக்கு வைக்கும் பொறி. கட்டுங்கள், செடியின் தலைமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும்.