மலைக்குக் கூட்டிப்போகும் பெரியவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் கோயில் இளைஞர் வகுப்பு ஒன்று நடத்துகிறோம். அக்டோபர் விடுமுறையில் 11 முதல் 15 வயது வரையுள்ள 18 பிள்ளைகளை டிராக்கன்ஸ்பர்க் மலையில் இஞ்ஜிசூதி முகாமுக்குக் கூட்டிப்போக எண்ணம். முகாமில் ஒரு இரவு, மேலே குகையில் ஒரு இரவு. பெரியவர்கள் மூன்று பேர். எங்களுக்குள் ஒத்துவரவில்லை. ஒருவர், கேம்ப்ஃபயர் இல்லாமல் என்ன காடு, விடியற்காலையில் கற்பூரம் ஏற்றிப் பூஜையும் வேண்டும் என்கிறார். இன்னொருவர், விதிகளை அடுக்கினால் பள்ளிக்கூடம் ஆகிவிடும் என்கிறார். மூன்று பேர் போதுமா? கழிப்பிட விஷயத்தை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளிடம், எப்படிப் பேசுவது?

மு.

அன்புள்ள மு.,

போதாது. ஆறு பிள்ளைக்கு ஒருவர் என்று வகுத்துப் பார்த்திருப்பீர்கள். மலையில் அந்தக் கணக்கு உதவாது. ஒரு கால் சுளுக்கிக்கொண்ட பிறகு யார் யாரோடு மிஞ்சுவார்கள் என்று பார்த்துத்தான் ஆள் சேர்க்க வேண்டும். குகைக்கு ஏறும் வழியில் ஒரு பையனின் கணுக்கால் பிசகிவிட்டது, நடக்க முடியவில்லை என்று வையுங்கள். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மற்றவர் கண்ணுக்கு எட்டாமல் தனியே இருக்கக்கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. ஆகவே அவனோடு இருவர் உட்காருவார்கள். மீதி 17 பேரையும் கூட்டிக்கொண்டு இறங்கி, முகாமில் தகவல் சொல்லி, நடுவில் மழை வந்தால் அதையும் பார்க்க ஒரே ஒருவர்தான் மிச்சம்.

எனவே குகைக்கு எட்டுப் பிள்ளைகள், நான்கு பெரியவர்கள். மொத்தம் 12, அதற்கு மேல் போனால் குகையும் தாங்காது, பாதையும் தாங்காது. ஏதாவது ஆனால் இருவர் தங்கலாம், இருவர் மற்றவர்களோடு இறங்கலாம். பெண்பிள்ளைகள் வந்தால் நால்வரில் இருவர் பெண்களாக இருப்பது நல்லது. நான்கு பேர் கிடைக்காவிட்டால் குகையை விட்டுவிடுங்கள். 18 பேரையும் கூட்டிப்போகத்தான் வேண்டும் என்றால், முகாமிலேயே இரண்டு இரவு தங்கி, ஒன்பது பிள்ளைக்கு மூன்று பேர் வீதம் இரு குழுவாக வேறு வேறு பாதையில் பகல் நடை போகலாம். ஆனால் அதற்கு ஆறு பெரியவர்கள் வேண்டும்.

வருகிற ஒவ்வொருவர் பெயரும் 2005-ன் குழந்தைகள் சட்டப்படி உள்ள பாதுகாப்புப் பதிவேட்டின் ‘பி’ பகுதியிலும் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்கள் பட்டியல்), பாலியல் குற்றவாளிகள் தேசியப் பதிவேட்டிலும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கமிட்டிக்காரர்தானே, தெரிந்த அண்ணன்தானே என்று யாரையும் விட்டுவிடாதீர்கள். பதில் வரத் தாமதமாகும், இப்போதே விண்ணப்பியுங்கள். பிள்ளைகளுக்குத் தனித்தனியே வாட்ஸ்அப் அனுப்புவதும் வேண்டாம். பெற்றோரும் இருக்கும் குழு போதும்.

கேம்ப்ஃபயர் பேச்சே எடுக்காதீர்கள். இஞ்ஜிசூதி இருக்கும் பூங்காவில் நடைபாதையிலும் குகையிலும் திறந்த தீ மூட்டத் தடை. அக்டோபர் தொடக்கத்தில் புல் குளிர்காலத்தில் காய்ந்தது காய்ந்தபடியே இருக்கும். உள்நாட்டிலிருந்து இறங்கும் சூடான பர்க் காற்று ஒரு பொறியைச் சரிவு முழுக்கக் கொண்டுபோய்விடும். கற்பூரமும் தீதான். பூஜையை முகாமில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே தேவாரம் பாடுங்கள், அதற்குத் தடையில்லை. பூ, தேங்காய் ஓடு, வாழைப்பழத் தோல் எதையும் ஓடையிலோ பாறையிலோ விடக்கூடாது. பபூன் குரங்குகள் ஒருமுறை ருசி கண்டுவிட்டால் அடுத்து வருபவனின் பையைத்தான் கிழிக்கும்.

சமையலுக்குக் கேஸ் அடுப்பு இரண்டு, 230 கிராம் குப்பி இரண்டு. 12 பேருக்கு ஒரு இரவுக்கும் ஒரு காலைக்கும் போதும். கூடாரத்துக்குள் பற்றவைக்கக்கூடாது. முகாம்களில் அடிக்கடி நடப்பது வெந்நீர்க் காயம். பிள்ளை சம்மணமிட்டு அடுப்பின் முன் உட்காரும், பாத்திரம் சரியும், எழுந்து விலக நேரமிருக்காது, தொடையில் கொட்டும். அடுப்பருகே குந்தி உட்காரச் சொல்லுங்கள். பாத்திரத்தைப் பெரியவர்தான் இறக்க வேண்டும்.

கழிப்பிடத்தைப் பற்றிக் கூச்சப்பட்டுப் பேசாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? பிள்ளைகள் அடக்கிக்கொள்வார்கள். போகாமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். இரண்டாம் நாள் மதியம் தலைவலி, வாந்தி. நீங்கள் வெயில் என்று நினைப்பீர்கள். அதனால் கிளம்புவதற்கு முன்பே, கோயில் தோட்டத்திலோ யார் வீட்டுக் கொல்லையிலோ, சிறு மண்வெட்டி கொடுத்து ஒவ்வொருவரையும் ஒரு குழி தோண்டி மூடச் செய்யுங்கள். ஆழம் 15 முதல் 20 செ.மீ.; மேல்மண்ணில்தான் கழிவு சீக்கிரம் மட்கும், அதற்குக் கீழே போனால் மட்க நாளாகும். ஓடை, பாதை, குகை மூன்றிலிருந்தும் குறைந்தது 70 பெரிய காலடி தள்ளி. தண்ணீர் விட்டுக் கழுவும் நம் வழக்கம் இங்கே கைகொடுக்கும். அரை லிட்டர் பாட்டிலைக் குழிக்கு மேலேயே ஊற்றிக் கழுவினால் காகிதம் எதுவும் மிஞ்சாது. காகிதம் பயன்படுத்துபவர்கள் அதைப் புதைக்காமல் ஜிப் பைக்குள் இன்னொரு பை போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நாப்கினும் அப்படித்தான். பெண்பிள்ளைகளிடம் இதை ஒரு பெண் தனியாகப் பேசட்டும், ஒவ்வொருவர் கையிலும் கறுப்புப் பை ஒன்றைக் கொடுத்து. யாரும் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள்.

இடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பயப்பட வேண்டியது அதற்குத்தான். அக்டோபர் முதல் மார்ச் வரை பிற்பகலில் மேகம் திரளும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, நண்பகலுக்குள் முகடுகளைவிட்டு இறங்கிவிட வேண்டும். பிள்ளைகளோடு மணிக்கு 3 கி.மீ., ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 15 நிமிடம் என்று போடுங்கள். 9 கி.மீ. தூரமும் 500 மீட்டர் ஏற்றமும் என்றால் நாலே கால் மணி நேரம், ஓய்வு தனி. திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவுசெய்து பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். மேலே போனபின் ‘இன்னும் அரை மணிதானே’ என்று இழுப்பவர் பெரும்பாலும் பெரியவர்தான்.

மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் அது 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் நகரக்கூடாது. அங்கே குகை என்று சொல்வதெல்லாம் மணற்பாறையின் ஆழமில்லாத துருத்தல்கள். மின்னல் பாறையில் விழுந்தால் அதன் மின்சாரம் வாசலின் மேல்விளிம்பிலிருந்து தரைக்குத் தாவும். அங்கே நிற்பவர் உடல்தான் அதற்குப் பாலம். மழைக்கு ஒதுங்கி வாசலில் வரிசையாக நிற்பதும் சுவரில் சாய்வதும் கூடாது. நடுவில், பாயின் மேல், கால்களைச் சேர்த்துக் குந்தி, ஒருவரை ஒருவர் தொடாமல் இருக்க வேண்டும். வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் 15 மீட்டராவது இடைவெளி விட்டுப் பிரிந்து குந்துங்கள்.

இந்த மலையின் பழங்குடிகளான சான் மக்களின் ஓவியங்கள் உள்ள குகையில் இரவு தங்கக் கூடாது. பேட்டில் கேவ் போன்ற இடங்களுக்கு வழிகாட்டியோடு போங்கள். நிறம் தெளிவாகத் தெரிய தண்ணீர் தெளிக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அந்தத் தண்ணீர் பாறைக்குள்ளிருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து ஓவியத்தின் மேல் படியவைக்கும். முதுகுப்பை உரசுவதும் சேதம்தான். 1999-ன் பாரம்பரியச் சட்டப்படி இவற்றைக் கெடுப்பது குற்றம்.

விதிகள் அதிகமாகிவிடும் என்ற நண்பர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. மேலே எழுதியவற்றில் பாதிக்கு மேல் பெரியவர்களுக்கான விதிகள். பிள்ளைகள் காதில் விழவே வேண்டாம். அவர்களுக்கு நாலைந்து போதும், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. சாட்ஸ்வர்த் பெற்றோரில் பலர் கூடாரத்தில் படுத்ததே கிடையாது. ஓய்விடங்களும் முகாம்களும் வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்ததால், தாத்தாவிடமிருந்து வந்த மலைப்பழக்கம் என்று நம்மிடம் ஒன்றுமில்லை. பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் கற்கும். நீங்கள் ஆரஞ்சுத் தோலைப் புதருக்குள் எறிந்தால் பிறகு பேசிப் பயனில்லை.

உடையில் ஒன்று மட்டும். பருத்தி ஹூடி நனைந்தால் குளிரைக் கூட்டும். பழைய கம்பளிப் பள்ளி ஜெர்சியும் மழைக்கோட்டும் போதும். ஒரு பிள்ளை பேச்சுக் குழறி, நடையில் தடுமாறினால் அது உடல் குளிர்வதன் அறிகுறி. உடனே நிறுத்தி, காய்ந்த உடை மாற்றி, இனிப்புத் தேநீர் கொடுங்கள்.

மேலே பல இடங்களில் போன் வேலை செய்யாது. போகும் பாதை, ஆட்கள் பெயர், இறங்கும் நேரம் மூன்றையும் எழுதி டர்பனில் ஒருவரிடம் கொடுங்கள். எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தேட ஏற்பாடு செய்வது என்பதையும் அதில் எழுதுங்கள். முகாமில் மலைப் பதிவேட்டை நிரப்புங்கள். திரும்பியதும் கையெழுத்துப் போட்டு முடிக்க ஒருவரை இப்போதே குறித்துவையுங்கள். அது மறந்துபோனால் நீங்கள் வீட்டில் தூங்கும்போது மீட்புக்குழு இரவில் உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.