ஏழாயிரம் ரூபாய் வெல்டிங்குக்கு உண்மையில் ஆன செலவு

கேள்வி: காசிமேட்டில் எங்களுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. கணவர் கடலுக்குப் போகிறார். வரவு செலவை நான் பார்க்கிறேன். எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டு அக்டோபர் கடைசியில் விரிசல் விட்டது. கடல்நீர் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் வார்ப்பிரும்பு வகை அது. 7,000 ரூபாய் கொடுத்து வெல்டிங் வைத்தோம். பிப்ரவரி கடைசியில் அதே இடத்துக்கு அருகில் மறுபடியும் பிளந்துவிட்டது. இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. அதற்கு 12,000 ரூபாய். இப்போது வெல்டிங்குக்கு 9,000 கேட்கிறார்கள். வேறு படகில் கழற்றிய பழையது 30,000, புதியது கூலியோடு 68,000. மீன்பிடித் தடைக்காலம் வரை வெல்டிங்கில் ஓட்டி, பிறகு மாற்றலாம் என்கிறார் கணவர். மாதம் மூன்று முறை கடலுக்குப் போனால், ஒவ்வொரு முறையும் எங்கள் பங்கு சுமார் 25,000 நிற்கும். எங்கள் மீனை ஏலம் விடுபவர் வட்டியில்லாமல் 70,000 முன்பணம் தருவதாகச் சொல்கிறார். கமிஷனில் மட்டும் இரண்டு சதவீதம் கூடுதல். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, புதியதை வாங்குங்கள். அதையும் தடைக்காலத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே வாங்குங்கள். ஆனால் ஏலக்காரரின் பணத்தில் வேண்டாம்.

அக்டோபர் வெல்டிங்கை நீங்கள் 7,000 என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். இழுத்து வந்த கூலி 12,000, கைவிட்டுப் போன பங்கு 25,000 இரண்டையும் அதே வரியில் எழுதிப் பாருங்கள். 44,000 ஆகிறது. அது உழைத்தது நான்கு மாதம், மாதத்துக்கு 11,000. வீணான ஐஸையும் டீசலையும் நான் சேர்க்கவே இல்லை. புதியது இரண்டே ஆண்டுதான் தாங்கும் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். தடைக்காலம் போக இருபது மாதம் கடலுக்குப் போகலாம். மாதம் 3,400 ரூபாய்தான் விழுகிறது.

வெல்டிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏதாவது மோதி, நல்ல இரும்பில் விழுந்த விரிசல் என்றால், சூடேற்றி, நிக்கல் ராடு வைத்து, மெல்ல ஆறவிட்டுப் பற்றவைக்கத் தெரிந்த கைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கடல்நீர் பல ஆண்டு ஊறிய வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்துபோய், கரி போன்ற கிராஃபைட் மட்டும் மிஞ்சும். பார்வைக்கு வடிவம் மாறாது. கத்தி முனையால் உள்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். கறுப்பாக உதிர்ந்தால் அதில் எந்த வெல்டிங்கும் நிற்காது. வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி பிளந்தது என்று நீங்களே எழுதியிருப்பதால், உங்களுடையது இந்த நிலைக்கு வந்துவிட்டதாகவே நினைக்கிறேன்.

இன்னும் ஆறு வாரம்தானே என்று உங்கள் கணவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அடுத்த பிளவு உள்பக்கமாக விழுந்தால், கடல்நீர் சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும். அப்போது 68,000 ரூபாய்க் கணக்கு போய், முழு எஞ்சினையும் இறக்கும் கணக்கு வந்துவிடும். துருவாலும் தேய்மானத்தாலும் வரும் சேதத்துக்குப் படகுக் காப்பீடு பொதுவாகக் கைகொடுக்காது. இதைவிட என்னைப் பயமுறுத்துவது விரிசல் வழியே கசியும் புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. எஞ்சின் அறையை ஒட்டித்தான் ஆட்கள் படுக்கிறார்கள். இந்த ஒன்றை நான் ரூபாயில் கணக்குப் போட மாட்டேன்.

பழைய மேனிஃபோல்டும் இன்னொரு படகில் இதே உப்புநீரைக் குடித்ததுதான். துளைகளை அடைத்து, நீர் அழுத்தம் ஏற்றிக் கண்முன்னே சோதித்துக் காட்டினால் ஒழிய பணம் கொடுக்காதீர்கள். புதுப்பேட்டையில் லாரிக்கு உரியது மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னாலும் கேட்க வேண்டாம். அதைச் சுற்றி நீர் ஓடாது. மூடிய எஞ்சின் அறையில் அந்தச் சூடு நெருப்புக்கு அழைப்பு.

இனி பணம். ஒருமுறை மீன் விற்றால் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 1,80,000 என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு சதவீதம் என்பது 3,600. மாதம் மூன்று முறைக்கு 10,800. எழுபதாயிரத்துக்கு அது ஏறக்குறைய பதினைந்து வட்டி, அதாவது மாதம் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய்! எத்தனை மாதம் கொடுத்தாலும் அசல் அப்படியே நிற்கும். அது தீரும்வரை மீனை வேறு யாரிடமும் கொண்டுபோக முடியாது. வட்டியில்லாக் கடன் என்று இதைச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தண்டல் பக்கமும் போகாதீர்கள்: கையில் 8,500 வாங்கி நாளுக்கு நூறாக நூறு நாள் கட்டினால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வையுங்கள். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றாலும் 68,000 ரூபாய்க்கு மாதம் 567 ரூபாய்தான். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அது தொடங்குவதற்குள் நான்கு முறை கடலுக்குப் போய், ஒவ்வொரு முறையும் 10,000 கட்டினால் பாக்கி 28,000. அந்த இரண்டு மாதத்துக்கு வட்டி ஐந்நூறுக்குள் அடங்கும். தடைக்காலத்தில் மாற்றினால் நிலைமை தலைகீழ்: வருமானம் நின்றிருக்கும், அரசு நிவாரணமாக 8,000 ரூபாய் மட்டும் வரும், எல்லாப் படகும் கரையேறிப் பழுது பார்க்க நிற்பதால் மெக்கானிக் கிடைப்பதே பாடாக இருக்கும்.

அந்த ஓய்வில் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. படகுப் பதிவுச் சான்றையும் மீன்பிடி உரிமத்தையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் கிசான் கிரெடிட் கார்டு கேளுங்கள். 2018-19 முதல் மீனவர்களுக்கும் அது உண்டு. இரண்டு லட்சம் வரை ஏழு சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் மூன்று சதவீதம் குறையும். ஜூனில் ஐஸுக்கும் டீசலுக்கும் ஏலக்காரரிடம் கைநீட்ட வேண்டியிராது.

புதியதைப் பூட்டும்போது கேஸ்கெட்டையும் போல்டுகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். 68,000 ரூபாயில் அவை அடங்குமா என்பதை இன்றே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.