பீச் பழ டின்னும் பெட்ரோல் வாசமும்

(பழைய புல்வெட்டிகள், மரம் அறுக்கும் மெஷின்கள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் பதில் சொல்கிறார்.)

புதிதாக வாங்கிய வீட்டின் ஷெட்டில் ஒரு பழைய விக்டா டூ-ஸ்ட்ரோக் புல்வெட்டி கிடக்கிறது. கயிற்றை இழுத்தால் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. குப்பைக்குப் போட்டுவிடலாமா, ஐயா?
– வாசகர், டூன்காபி

போடாதீர்கள் தம்பி. கயிற்றை இழுத்தால் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அது போதும். பிஸ்டன் இறுகிப்போகவில்லை. மிச்சமெல்லாம் பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை வேலைதான்.

முதலில் டாங்கில் இருப்பதைக் காலி செய்யுங்கள். முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாசமே வராது, வார்னிஷ் வாசம்தான் வரும். பெட்ரோலை எல்லாம் தூரமாக வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி வயரோடு சேர்த்து இன்ஜின் உடம்பில் படும்படி பிடித்துக் கயிற்றை இழுங்கள். நிழலில் நீலப் பொறி தெரிய வேண்டும். பொறி வருகிறது என்றால் கோளாறு அநேகமாகக் கார்புரேட்டரில். விக்டாவின் பிளாஸ்டிக் கார்புரேட்டரைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த சாமான். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் சமையல் மேசையிலேயே பிரித்து மாட்டிவிடலாம். உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு காய்ந்து விறைத்திருக்கும். அதை மாற்றுங்கள், புதிது இன்னும் விற்பனையில் இருக்கிறது.

அப்புறம் பெட்ரோல். 25க்கு 1 என்ற கணக்கில், அதாவது லிட்டருக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றுங்கள். எத்தனால் கலந்த இ10 வேண்டாம். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் கெடுக்கும்.

முதல் முறை அது பிடித்து எழுந்து, நீலப் புகை விடும்போது அந்த வாசத்தை முகர்ந்து பாருங்கள். பொள்ளாச்சியில் என் சித்தப்பாவின் ஸ்கூட்டர் பட்டறையில் லாம்ப்ரட்டா இன்ஜினைப் பிரித்துத் தொழில் கற்றுக்கொண்டவன் நான். சிட்னிக்கு வந்த முதல் வசந்தத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெரு முழுக்க அதே வாசம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

உங்கள் ஷெட்டில் கிடப்பதன் மூதாதை பிறந்த இடம் உங்களிடமிருந்து தூரமில்லை. 1952இல் கான்கார்டில் தன் வீட்டு கராஜில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் முதல் மாதிரியைச் செய்தார். கையில் கிடைத்த பழைய சாமான்களை வைத்துச் செய்தது. பெட்ரோல் டாங்குக்குப் பீச் பழம் வந்த காலி டின். அவருடைய நடுப்பெயர் விக்டரிலிருந்துதான் விக்டா வந்தது. அடியில் சுற்றும் தட்டில் பிளேடுகள் தளர்வாகத் தொங்கும், கல்லில் பட்டால் பின்னுக்கு மடங்கிக்கொள்ளும். இந்த ஊரின் முரட்டுப் புல்லுக்கும் கரடுமுரடான கொல்லைக்கும் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. 2000 ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டிகளையும் மைதானத்துக்குள் கொண்டுவந்தார்கள் என்றால், இந்த ஊர்க்காரர்களுக்கு அது என்ன என்று புரியும்.

ஸ்டார்ட் ஆனதும் எழுதுங்கள். ஆகாவிட்டாலும் எழுதுங்கள், வீட்டுக்கே வருகிறேன்.

புல் வெட்ட மெஷின் செய்ய வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?
– வாசகர், திருப்பூர்

நீங்கள் திருப்பூரிலிருந்து கேட்பது எனக்கு ரொம்ப சந்தோஷம். ஏனென்றால் அந்த யோசனையே ஒரு துணி மில்லில் பிறந்தது. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் என்ற ஊர்ப்பக்கம் கம்பளித் துணி மில்கள் நிறைய. நெய்த துணியின் மேலே நிற்கும் ரோமத்தை ஒரே மட்டமாகச் சீவ, சுருளாக வளைந்த கத்திகள் கொண்ட உருளை ஒன்று உண்டு. அதைப் பார்த்த எட்வின் பட்டிங், துணிக்குச் செய்வதைப் புல்லுக்கும் செய்யலாமே என்று நினைத்து 1830இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் நீளக் காம்பு போட்ட அரிவாளால் ஆட்கள் வரிசையாக நின்று வெட்டுவார்கள். பட்டிங்கின் மெஷினை லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிச்சாலையில் வாங்கினார்கள். 1832இலிருந்து இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் கம்பெனி உரிமம் பெற்றுச் செய்தது. 1902இல் பெட்ரோல் இன்ஜின் வைத்தும் விற்றது.

இன்றும் கிரிக்கெட் பிட்சுக்கு உருளைப் புல்வெட்டிதான். விக்டா மாதிரி சுற்றும் பிளேடு புல்லை அடித்து அறுக்கிறது. உருளையோ அடியில் இருக்கும் நிலைக்கத்தியோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி நறுக்குகிறது. உருளைக்கும் நிலைக்கத்திக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து உருளையைக் கையால் மெல்லச் சுற்றுவேன். கிழியாமல், சத்தமில்லாமல், சுத்தமாக நறுக்கினால் சாணை சரி.

மரம் அறுக்கும் செயின்சா மெஷினின் சங்கிலிப் பல் ஏன் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது?
– வாசகி, ஸ்ட்ராத்ஃபீல்ட்

ஒரு புழுவைப் பார்த்துச் செய்ததம்மா. அமெரிக்காவின் ஓரிகானில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946இல் விறகு பிளக்கும்போது ஒரு வண்டுப் புழு கட்டையைக் குடைவதைக் கவனித்தார். அதன் வாயில் வலமும் இடமுமாக இரண்டு வளைந்த தாடைகள். அது மாறி மாறிக் கடித்துக்கொண்டே முன்னேறியது. அந்தக் கால சங்கிலிப் பற்கள் மரத்தைப் பிராண்டிக்கொண்டிருந்தன, அரம் போடவே பாதி நாள் போகும். காக்ஸ் அந்தத் தாடைகளை அப்படியே எஃகில் செய்து, வலது பல், இடது பல் என மாற்றி மாற்றிக் கோர்த்து, 1947இல் விற்க ஆரம்பித்தார். இன்று நாம் போடும் சங்கிலியின் அடிப்படை அதுதான்.

என் அப்பா எஸ்டேட்டில் மரம் அறுத்தவர். அவருடைய ஸ்டில் 070 மெஷின் வீட்டில் இருக்கிறது. அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. தம்பி எடுத்து ஓட்டுகிறேன் என்கிறான். ஓட்டலாமா, விற்றுவிடலாமா?
– வாசகி, கூடலூர்

விற்காதீர்களம்மா. அந்த மெஷினில் இருப்பது 106 சிசி இன்ஜின். ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜினே 98 சிசிதான். அதைவிடப் பெரிய இன்ஜினை உங்கள் அப்பா இரண்டு கையால் பிடித்து, மலைச் சரிவில் நின்று வேலை செய்திருக்கிறார்.

1959இல் ஜெர்மனியில் ஸ்டில் கம்பெனி கான்ட்ரா என்ற மெஷினைக் கொண்டுவந்தது. நடுவில் கியர் இல்லாமல் இன்ஜினே நேராகச் சங்கிலியை ஓட்டும். 12 கிலோ எடை, 6 குதிரைசக்தி. அந்த வம்சம்தான் 070. என்னிடமும் ஒரு கான்ட்ரா இருக்கிறது. ஒருநாள் அதன் சத்தம் வழக்கத்தைவிடக் கீச்சென்று ஏறியது. ஏதோ நன்றாக ஓடுகிறது என்று நினைத்து நிறுத்தாமல் விட்டேன். இன்ஜின் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் கிராங்க் சீல் போய்க் காற்று உறிஞ்சியிருக்கிறது. கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, பிஸ்டன் சூடேறி இறுகிவிட்டது. அந்தப் பிஸ்டனைக் கையில் எடுத்தபோது மனசு கனத்தது. முழு திராட்டிலில் சும்மா ஓடும்போது சத்தம் கொஞ்சம் கரகரவென்று இருக்க வேண்டும், மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். தம்பிக்கு முதலில் அந்தச் சத்தத்தைப் பழக்குங்கள்.

ஆனால் ஒன்று. பழைய 070இல் சங்கிலியைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் கிடையாது. சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் நுனி, அதுவும் மேல்பாதி, எதிலாவது பட்டால் மெஷின் கண் சிமிட்டும் நேரத்தில் முகத்துக்கு எகிறும். உங்கள் அப்பாவின் உடம்பு அதை அறியும், தம்பியின் உடம்பு அறியாது. மரத்தைச் சாய்க்க வேண்டாம். மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரத்துக்கே அனுமதி வாங்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க, அசையாமல் முட்டுக்கொடுத்த கட்டையை மட்டும் அறுக்கட்டும். காதுக்கும் கண்ணுக்கும் காலுக்கும் பாதுகாப்பு இல்லாமல் கயிற்றைத் தொடவே கூடாது.

அதற்கும் முன்னால் சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். வழுவழுப்பாக இருக்கிறதா, மேலும் கீழுமாகக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அந்தப் படத்தை வைத்தே மேற்கொண்டு சொல்கிறேன்.