பழுப்புக் குறுமீன்களில் மீத்தேன் இருப்பதை எப்படி அறிகிறார்கள்?

கண்ணுக்கே தெரியாத பழுப்புக் குறுமீன்களில் (விண்மீனாக ஒளிரப் போதிய நிறையற்ற வான்பொருள்களில்) மீத்தேன் இருப்பதை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள் என்று பாம்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தை மாத இரவு பத்து மணியளவில் அரிச்சல்முனையில் தெற்கு நோக்கி நின்றால், ஓரியனுக்குக் கீழே முயல் விண்மீன் கூட்டம் தெரியும். அத்திசையில், சுமார் 19 ஒளியாண்டுத் தொலைவில், 1995-இல் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட கிளீஸ் 229 பி என்னும் பழுப்புக் குறுமீன் உள்ளது. ஹைட்ரஜனைத் தொடர்ந்து எரிக்கப் போதிய நிறை இல்லாததால், அது பெரும்பாலும் அகச்சிவப்பிலேயே ஒளிர்கிறது. அவ்வொளியை அலைநீளவாரியாக, அதாவது நிறமாலையாக, பிரித்துப் பார்த்தபோது, 1.6, 2.2 மைக்ரான் அருகே ஒளி வெகுவாகக் குறைந்திருந்தது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அலைநீளங்களில்தான் ஒளியை உட்கவரும் என்பதால், அந்தக் குறைவுகள் மீத்தேனின் கைரேகை எனலாம். விண்மீன்களின் வெப்பத்தில் மீத்தேன் நிலைக்காது. ஆகவே அக்குறுமீனின் வெப்பநிலை 1,000 கெல்வினை ஒட்டியது என்பதும் உடன் தெளிவாயிற்று, இதுவே அந்த நிறமாலையின் பெருஞ்சிறப்பு என்று நான் கருதுகிறேன். இதனினும் வெப்பமானவற்றில் சிலிகேட் மேகங்களும், மிகக் குளிர்ந்தவற்றில் அம்மோனியாவும் காணப்படுகின்றன.

நீராவியைக் கண்டறிவதுதான் கடினம். மன்னார் வளைகுடாக் காற்றில் நிறைந்திருக்கும் ஈரமும் அதே அலைநீளங்களை உட்கவரும் என்பதால், இவ்வாய்வுக்கு உயர்ந்த வறண்ட மலைகளையோ ஜேம்ஸ் வெப் போன்ற விண்வெளித் தொலைநோக்கியையோ நாடுகிறார்கள்.