குழாயை எடுத்த பிறகும் மூச்சுக் கருவி எதற்கு?

கேள்வி: நிமோனியா முற்றியதால் எங்கள் எட்டு மாதக் குழந்தை ஐந்து நாள்கள் வென்டிலேட்டரில் இருந்தாள். நேற்றுக் குழாயை எடுத்துவிட்டு, உடனே மூக்கில் வேறொரு கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். அழுகிறாள், ஆனால் சத்தமே வரவில்லை. அவளுக்கு இன்னும் குணமாகவில்லையா? மறுபடியும் குழாய் போட வேண்டி வருமா?

பதில்: அந்தக் கருவியைப் பார்த்து மனம் தளராதீர்கள். வென்டிலேட்டர் இத்தனை நாளும் செய்த வேலையை இனி உங்கள் மகளின் தசைகளே செய்ய வேண்டும். கைக்குழந்தைகளின் விலா எலும்புகள் மென்மையானவை, மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானம் விரைவில் களைத்துவிடும், மயக்க மருந்தின் தாக்கமும் சில மணி நேரம் நீடிக்கக்கூடும் என்பதால், முதல் இரண்டு மூன்று நாள்களுக்குத் துணை கொடுப்பது வழக்கமே.

குழாய் உரசிய இடத்தில் ஏற்படும் வீக்கம் இன்னொரு காரணம். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூச்சுவழியில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினாலே, காற்று செல்லும் பரப்பில் முக்கால் பங்கு குறைந்துவிடும். மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்று ஒலி கேட்டால் அதற்கு இந்த வீக்கம்தான் பெரும்பாலும் காரணம். அட்ரினலின் நெபுலைசரும் ஸ்டீராய்டு மருந்தும் அதற்குக் கொடுக்கப்படும்.

உங்கள் குழந்தைக்கு வைத்திருப்பது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ‘ஹை ஃப்ளோ’ எனப்படுவது, சூடாக்கி ஈரப்படுத்திய காற்றையும் ஆக்சிஜனையும் மூக்கு வழியே வேகமாகச் செலுத்துவது. ‘சிபாப்’ என்பது, மூச்சை வெளிவிடும்போதும் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளாதபடி இடைவிடாத அழுத்தம் தருவது. பிரிட்டனில் ஏறத்தாழ 600 குழந்தைகளிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளியானது. மூச்சுத் துணையிலிருந்து முழுவதுமாக விடுபட ஹை ஃப்ளோ குழந்தைகளுக்கு நடுவளவாக (அதாவது, பாதிப் பேர் விடுபட்ட நேரம்) 50.5 மணி நேரமும், சிபாப் குழந்தைகளுக்கு 42.9 மணி நேரமும் ஆயின. மறுபடி குழாய் போட வேண்டி வந்தவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே சிபாப்புக்குச் சற்று முன்னுரிமை உண்டு என்பது என் கருத்து. ஆனால் சிபாப் மாஸ்க்கைப் பொறுக்காமல் ஓயாது அழும் குழந்தைக்கு ஹை ஃப்ளோவே பொருந்தலாம். அதை அருகிலிருந்து பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும்.

மானிட்டரில் தெரியும் ஆக்சிஜன் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆக்சிஜன் கொடுக்கும்போது, குழந்தை களைத்துக்கொண்டிருந்தாலும் அந்த எண் நன்றாகவே காட்டும். அவளுடைய மார்பைப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குவது, மூக்குத் துவாரங்கள் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுவது, முனகல், திடீரென்று சோர்ந்து துவளுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே செவிலியரை அழையுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்கவே வேண்டாம்.

சில குழந்தைகளுக்குக் குழாயை மறுபடி போட நேர்வதுண்டு. அப்படி நேர்ந்தால், நுரையீரலுக்கு இன்னும் சற்று ஓய்வு தேவை என்றே பொருள். குழந்தை முற்றிலும் களைத்துவிடும் முன்பே போடுவதுதான் பாதுகாப்பானது.

குரல் வராததற்கும் குரல்நாண் அருகேயுள்ள வீக்கமே பெரும்பாலும் காரணம். சில நாள்களில் சரியாகிவிடும். அதுவரை, விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்யாமல் வாய்வழியாகப் பால் கொடுக்க வேண்டாம். ஓரிரு வாரங்கள் கழித்தும் குரல் கம்மியே இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.