பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறீர்களாமே!

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு 31 வயது. ஒரு கிளினிக்கில் நான்கு ஆண்டுகளாக மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். பி.பி. பார்ப்பது, ரத்தம் எடுப்பது, ஈ.சி.ஜி. எடுப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. “பொம்பளை வேலையை ஆம்பளை செய்வதா?” என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். பெண் நோயாளிகள் சிலர் என்னைக் கண்டதும், “சிஸ்டர் இல்லையா?” என்கிறார்கள். வீட்டில் பிரச்சினை ஏதும் இல்லை. சர்க்கரை நோயால் அப்பாவின் பாதத்தில் வந்துள்ள புண்ணுக்கு மனைவிதான் தினமும் கட்டு மாற்றுகிறாள். நான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பேன். வெளியில்தான் மானம் போகிறது. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: “எந்த வேலையும் இழிவில்லை, தைரியமாக இருங்கள்” என்ற பதிலை எதிர்பார்த்து இதுபோன்ற கடிதங்கள் எனக்குப் பல வந்திருக்கின்றன. உங்களுக்கு அதை எழுதப் போவதில்லை, தம்பி. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறீர்களாமே, ஏன் நிற்கிறீர்கள்? உட்கார்ந்தால் என்ன?

சம்பளத்துக்கு யார் யாருடைய புண்ணையோ துடைக்கும் கை, பெற்றவருடைய காலைத் தொடுவதற்கு மட்டும் மனைவியின் கையை இரவல் வாங்குகிறது. இது பெண்கள் செய்ய வேண்டிய வேலை என்று உறவினர்கள் வாயால் சொல்கிறார்கள். நீங்களோ அதைத் தினமும் உங்கள் வீட்டிலேயே செய்து காட்டுகிறீர்கள். பிறகு அவர்கள்மீது எதற்குக் கோபம்?

கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் உப்புநீரில் நனைத்து எடுக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் சர்க்கரை நோயால் நரம்பு கெட்டு மரத்துப்போன பாதத்தில் வலி தெரியாது என்பதால், நோயாளி வாய் திறந்து சொல்லட்டும் என்று காத்திருக்க முடியாது. புண்ணின் ஓரம் கறுத்திருக்கிறதா, வாடை மாறியிருக்கிறதா, நேற்று இல்லாத சிவப்பு இன்று கணுக்காலை நோக்கி ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் கண்தான் அந்தக் காலைக் காப்பாற்றும். எத்தனையோ புண்களைப் பார்த்துப் பழகியதால் அந்தக் கண் உங்களுக்கு வந்திருக்கிறது. உங்கள் மனைவிக்கு அது எப்படி வரும்? நீங்கள் நிற்கும் உயரத்திலிருந்து புண்ணின் வாடைதான் உங்களுக்குத் தெரியுமா?

இன்னொன்றையும் கேட்கிறேன். மருமகள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும்போது உங்கள் அப்பா எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கவனித்ததுண்டா? பெரும்பாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். “சிஸ்டர் இல்லையா?” என்று கேட்கும் பெண்ணுக்கு இருக்கும் அதே கூச்சம்தான் அவருக்கும். அந்தப் பெண்ணால் வாய்விட்டுக் கேட்க முடிகிறது. இவரால் அதுவும் முடியவில்லை.

அந்தப் பெண்கள் கேட்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அவர்கள் உரிமை. ஈ.சி.ஜி. எடுக்கும்போது இடது மார்பகத்துக்குக் கீழே பட்டைகளை ஒட்ட வேண்டியிருப்பதால், என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டு, போர்வை கொடுத்து, உடன் ஒரு பெண்ணை நிறுத்திக்கொள்வதுதான் முறை. அப்போதும் மறுத்தால் சக ஊழியரான பெண்ணை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். தொடையிடுக்கில் கட்டி வந்து அதைப் பெண்ணிடம் காட்டக் கூசும் ஆண், உங்களைக் கண்டதும் விடும் பெருமூச்சையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது ஆணுக்கு ஆகாத வேலை என்ற பேச்சு ஒன்றும் ஆதிகாலத்தது அல்ல. சிலுவைப் போர்க் காலத்தில் நோயாளிகளைப் பராமரிப்பதையே கடமையாகக் கொண்ட ஆண் துறவியர் சபைகள் இருந்தன. பிற்காலத்தில்தான் கதவு மூடியது. உங்கள் பணி செவிலியர் பணி அல்ல என்றாலும் சொல்கிறேன்: பிரிட்டனின் செவிலியர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 1960 வரை ஆண்களை உறுப்பினர்களாகச் சேர்க்கவில்லை; அமெரிக்க ராணுவத்தின் செவிலியர் படையில் ஆணுக்கு அதிகாரி பதவி கிடைத்ததே 1955-இல்தான். வெளியிலிருந்தவர்கள் பூட்டிய அந்தக் கதவை நீங்கள் உள்ளே நின்றுகொண்டு மறுபடி தாழிடுகிறீர்கள்.

சம்பளம் போதவில்லை, மேற்கொண்டு படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் வேலையை விடுவது பற்றிப் பேசியிருப்பேன். கேலிக்காக விடாதீர்கள். பெற்றவருக்கு நோய் வந்தால் அந்தக் கடமை முதலில் மகனுடையது, மருமகள் துணைக்கு வரலாம் என்பது என் கட்சி. பழமைவாதி என்றாலும் கவலையில்லை.

நாளைக்குக் கட்டு மாற்றும் நேரத்தில் கையைக் கழுவி, கையுறை போட்டுக்கொண்டு நீங்களே கீழே உட்காருங்கள். விரல் இடுக்குகளையும் பாருங்கள். சர்க்கரை பார்ப்பதானால் முதலில் அப்பாவின் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில் குத்தினால் வலி அதிகம். கேலி செய்யும் உறவினர் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டால், எழுந்துவிடாதீர்கள்.